நகரத்து உயிர்களைப் பற்றிய கண்காட்சியை உருவாக்குபவர்கள் யார்?

லாஸ் ஏஞ்சலிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய் வந்ததாகவும், நகரத்துக்குள் வாழும் உயிர்களைப் பற்றிய பகுதியை விட்டு உங்கள் மகள் ஒரு மணி நேரம் நகரவே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். "இதையெல்லாம் உட்கார்ந்து செய்பவர்கள் யார், விஞ்ஞானிகளா, டிசைனர்களா? எட்டாவது படிக்கும் பெண் இந்த வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க இரண்டு கேள்வி. எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எப்படிப்பட்ட ஆட்களுக்கு இடம் இருக்கிறது, அதில் நம் வீட்டுப் பெண்ணுக்கும் ஓர் இடம் கிடைக்குமா என்றுதான் கேட்கிறீர்கள்.

நான் பூச்சியியல் படித்தவள். பதினாறு வருடமாக அமெரிக்காவில் வேறொரு ஊரில், ஒரு பல்கலைக்கழகத்தின் பூச்சிச் சேகரிப்பில் வேலை பார்க்கிறேன். நீங்கள் சொல்லும் அருங்காட்சியகத்தில் நான் வேலை செய்ததில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கே நடந்தவை என்று கீழே சொல்பவை அவர்கள் வெளியிட்ட ஆய்வுகளிலும் செய்திகளிலும் பதிவானவை. இந்த வேலை பொதுவாக எப்படி நடக்கும் என்பது என் கைப்பழக்கத்திலிருந்து சொல்வது. இரண்டையும் கலக்காமல் படித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பொசிஷன் பார்க்கில் இருக்கும் அந்த அருங்காட்சியகம் 1913-இல் திறந்தது. நீங்கள் பார்த்த பகுதியும், வெளியே இருக்கும் மூன்றரை ஏக்கர் தோட்டமும் நூற்றாண்டை ஒட்டி 2013-இல் வந்தவை. இந்த மாதிரிக் கண்காட்சி மற்றவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் விஷயம் கட்டடத்துக்குள்ளிருந்து கிளம்பும். எப்போதோ தூர தேசத்திலிருந்து கொண்டுவந்த மிருகம் பாடம் செய்யப்பட்டுக் கண்ணாடிக்குள் நிற்கும். சேகரிப்புக்குப் பொறுப்பான ஆராய்ச்சியாளர், அதாவது காப்பாட்சியர், சொல்வதை எழுதி ஒட்டுவார்கள். ஜனங்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கள் பாட்டி எழும்பூர் மியூசியத்தைச் "செத்த காலேஜ்" என்றும் மிருகக்காட்சிசாலையை "உயிர் காலேஜ்" என்றும்தான் சொல்வார். (இரண்டும் ஒரே இடத்தில்தான் தொடங்கின. 1855-இல் எட்வர்ட் பால்ஃபர் மியூசிய வளாகத்திலேயே மிருகங்களை வைத்துதான் சென்னை மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார்.) நகரத்து இயற்கை என்று வரும்போது இந்தப் பழைய முறை கைகொடுக்காது, ஏனென்றால் உள்ளே விஷயம் இருக்காது. நூறு வருடமாகப் பூச்சி ஆராய்ச்சிக்காரர்கள் மலைக்கும் பாலைவனத்துக்கும் மழைக்காட்டுக்கும் போனார்கள். பக்கத்துத் தெருவின் கொல்லைப்புறத்துக்குப் போகவில்லை. அங்கே ஒன்றும் இருக்காது என்ற எண்ணம் ஒரு காரணம். இன்னொரு காரணம் சாதாரணமானது: கொல்லைப்புறம் யாரோ ஒருவருடைய சொத்து, கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும்.

அந்தக் கதவைத் தட்டியவர் பிரையன் பிரவுன். அப்போது அந்த அருங்காட்சியகத்தின் பூச்சியியல் காப்பாட்சியர். அவர் வாழ்நாள் முழுவதும் படித்தது ஃபோரிட் என்ற ஈக்களை. முதுகு கூனியிருக்கும், இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் நீளம், பறப்பதைவிட விட்டுவிட்டு ஓடும். நம் ஊரில் காளான் வளர்ப்பவர்களுக்கு இவற்றை நன்றாகத் தெரியும், படுக்கையில் புகுந்து நாசம் செய்யும். இதே குடும்பத்தில் எறும்பின் உடலுக்குள் முட்டையிட்டு, புழு எறும்பின் தலைக்குள் வளர்ந்து, கடைசியில் தலையே கழன்று விழும்படி செய்யும் இனங்களும் உண்டு. எந்த வீட்டுத் தோட்டத்தில் பொறி வைத்தாலும் இதுவரை பெயரிடப்படாத ஓர் இனத்தைக் காட்ட முடியும் என்று பிரவுன் சொல்ல, அருங்காட்சியகத்தின் அறங்காவலர் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தையே கொடுத்திருக்கிறார். புதிய இனம் கிடைத்தது. அதிலிருந்து பெரியதாக ஒரு திட்டம் பிறந்தது: 2013 முதல் நகரத்தில் 30 இடங்கள், பெரும்பாலும் குடும்பங்கள் வாழும் வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மலேஸ் பொறியும் ஒரு சிறு வானிலைக் கருவியும்.

மலேஸ் பொறியை நீங்கள் அங்கே பார்த்திருப்பீர்கள். கொசுவலையைக் கூடாரம் போலக் கட்டியது மாதிரி இருக்கும். ரெனே மலேஸ் என்ற ஸ்வீடன்காரர் 1930-களில் உருவாக்கியது. பறந்துவரும் பூச்சி வலையில் முட்டினால் வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறும், உச்சியில் இருக்கும் ஆல்கஹால் குப்பிக்குள் விழும். இவ்வளவுதான் இயந்திரம். அதை மாதக்கணக்கில் தோட்டத்தில் வைத்திருக்கச் சம்மதித்த குடும்பங்கள் என்ன இழந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தைகள் பந்து விளையாடும் இடம் போகும். பிறந்தநாள் விருந்தின்போது நடுத்தோட்டத்தில் அது நிற்கும். நாய் கயிற்றைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்களும் இங்கே வீடுகளில் பொறி வைத்திருக்கிறோம். முதல் வாரம் இருக்கும் ஆர்வம் மூன்றாவது மாதமும் இருக்கும் வீட்டை நான் கோயில் மாதிரி மதிப்பேன்.

குப்பி நிறைந்த பிறகு வருகிறது நீங்கள் கண்ணாடியில் பார்க்காத வேலை. ஒரு குப்பியைத் தட்டில் கொட்டினால் கறுப்பாக ஒரு குழம்பு. அதில் குளவி, அந்துப்பூச்சி, வண்டு, ஈ என்று பிரிக்க வேண்டும். ஈக்களில் ஃபோரிட்களைப் பிரிக்க வேண்டும். அவற்றில் மெகாசீலியா என்ற பேரினத்தைத் தனியாக எடுக்க வேண்டும். அதிலும் ஆண் ஈயை எடுத்து, அதன் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் எந்த இனம் என்று சொல்ல முடியும். எமிலி ஹார்ட்டாப் என்ற ஆய்வாளர், முதல் மூன்று மாத மாதிரிகளிலிருந்து மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட ஃபோரிட் ஈக்களைப் பார்த்து முடித்தார். அவரும் பிரவுனும், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இந்த ஈக்களுக்காகவே வாழ்ந்த ஹென்றி டிஸ்னியும் சேர்ந்து, 2015-இல் 30 புதிய இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை, பொறி வைக்க இடம் கொடுத்தவர்களின் பெயரையே தாங்கியிருக்கின்றன. அறிவியல் பெயர் என்பது எளிதில் அழியாத விஷயம். தோட்டத்தில் இடம் கொடுத்த ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்த அன்று நான் என் மேசையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதில் எது உறுதி, எது இல்லை என்று ஒரு வார்த்தை, ஏனென்றால் பத்திரிகைகள் இதைக் குழப்பின. புதிய இனம் என்றால் புதிதாகத் தோன்றியது என்று அர்த்தமில்லை; அந்த ஈக்கள் அங்கே இருந்தவைதான், பெயர்தான் இல்லை. இந்த 30 இனங்கள் லாஸ் ஏஞ்சலிஸில் மட்டும் வாழ்கின்றனவா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது. வேறு நகரங்களில் இதே அளவுக்கு யாராவது தேடினால்தான் தெரியும். நகரம் பூச்சிகளுக்கு நல்லது என்றும் இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. அதே பொறிகளின் மாதிரிகளை வைத்து 2019-இல் வந்த இன்னொரு ஆய்வு, 40,000-க்கும் மேற்பட்ட ஃபோரிட்களைப் பார்த்து, மிதமான வெப்பம் உள்ள இடங்களில்தான் எண்ணிக்கையும் இனங்களும் அதிகம் என்று கண்டது. வெப்பம் கூடக்கூட என்ன ஆகும் என்ற கவலைக்கு இடம் இருக்கிறது.

பொறி மட்டும்தான் வழி என்றில்லை. அதே அருங்காட்சியகம் 2002-லேயே சிலந்திக் கணக்கெடுப்பு ஒன்றைத் தொடங்கி, வீட்டில் பிடித்த சிலந்தியை அனுப்பும்படி ஊர்மக்களைக் கேட்டது. ஊர்வனப் பிரிவின் காப்பாட்சியர் கிரெக் பாலி ஒருபடி மேலே போய், பல்லியையோ பாம்பையோ தொடவே வேண்டாம், படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றார். நம் ஊர் அரணை மாதிரி உடம்பும் நீண்ட வாலும் உள்ள அலிகேட்டர் பல்லி அந்த ஊர்த் தோட்டங்களில் சாதாரணம். இணை சேரும்போது ஆண் பெண்ணின் தலையை வாயால் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில்கூட, அப்படியே கிடக்கும். இதை ஆராய்ச்சிக்காரர்கள் நேரில் பார்த்த பதிவுகள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. வாசலில் இப்படிக் கிடப்பதைப் பார்த்தால் படம் அனுப்புங்கள் என்று கேட்ட பிறகு, ஒவ்வொரு வசந்தத்திலும் படங்கள் குவிய ஆரம்பித்தன. ஒரு ஆராய்ச்சியாளர் வாழ்நாள் முழுவதும் அலைந்தாலும் இத்தனை வாசல்களில் ஒரே நேரத்தில் நிற்க முடியாது.

கிளிகளின் கதையும் அப்படித்தான். நம் பச்சைக்கிளி உள்பட, கூண்டிலிருந்து தப்பிய பல கிளி இனங்கள் தெற்கு கலிஃபோர்னியாவில் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. பறவை ஆராய்ச்சிக்காரர்கள் பலர் இவற்றை அயல் பறவை என்று ஒதுக்கிய காலத்தில், எங்கே எத்தனை என்று பொறுமையாகக் குறித்துவந்தவர் கிம்பால் கேரட். அவர் காப்பாட்சியர்கூட இல்லை, பறவைச் சேகரிப்பின் மேலாளராக இருந்தவர். இந்தப் பதவியை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள், வெளியே பலருக்கும் தெரியாது. மாதிரிகள் பூச்சி அரிக்காமல், ஈரம் ஏறாமல், பெயர்ச்சீட்டு தொலையாமல் காப்பது அவர்கள் பொறுப்பு. அந்தக் கிளிகளில் செந்நெற்றிக் கிளி (ஆங்கிலத்தில் ரெட்-க்ரௌண்ட் பேரட்) ஒன்று. அதன் தாயகமான வடகிழக்கு மெக்சிகோவில் அது அழியும் நிலையில் இருக்கிறது. கலிஃபோர்னிய நகரங்களில் இருக்கும் எண்ணிக்கை தாயகத்தை எட்டிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இரண்டு பக்கத்துக் கணக்கும் மதிப்பீடுதான் என்பதால் நான் அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இனி கண்ணாடிக்கு முன்னால் வருவோம். ஈ இரண்டு மில்லிமீட்டர், பார்க்க வருபவர் எட்டு வயதுக் குழந்தை. இந்த இடைவெளியை நிரப்புவது வேறு ஆட்கள். கண்காட்சியின் கதையைக் கோப்பவர் ஒருவர். அவர் பெரும்பாலும் ஆராய்ச்சியாளராக இருக்க மாட்டார், ஆனால் ஆராய்ச்சியாளரிடம் விடாமல் கேள்வி கேட்பவராக இருப்பார். சுவர்ப்பலகைக்கு எழுதுபவர் ஒருவர். நான் ஒருமுறை குளவிகளைப் பற்றி 300 வார்த்தை எழுதிக் கொடுத்தேன். எங்கள் எழுத்தாளர் அதை 45 வார்த்தையாக்கித் தந்தார், ஒரு உண்மைகூடக் குறையவில்லை. மாதிரியின் கால் ஒடியாமல் ஊசியிலும் கம்பியிலும் நிறுத்துபவர், விளக்கின் சூடும் வெளிச்சமும் நிறத்தை வெளுக்காமல் பார்ப்பவர், உயிருள்ள விலங்குகளுக்குக் காலையில் தீனி வைப்பவர், காகிதத்தில் மாதிரிப் பலகை செய்து வருகிறவர்களிடம் காட்டி எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறிப்பவர் என்று பட்டியல் நீளும். என் அனுபவத்தில் ஒரு கண்காட்சி பிழைப்பதும் படுப்பதும் இந்தக் கடைசி ஆளின் கையில். பெரியவர்கள் கூட்டத்தில் ஒப்புக்கொண்ட வாக்கியம் பத்து வயதுக் குழந்தைக்குப் புரியவில்லை என்று அவர்தான் சொல்வார்.

தோட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்று பட்டாம்பூச்சி பறக்கும் இடத்தில் முன்பு கார்கள் நின்றன, தரை தாரும் சிமெண்ட்டுமாக இருந்தது. நிலவடிவமைப்பாளர் மியா லெஹ்ரரின் குழு அதைப் பிரித்து, எந்தச் செடிக்கு எந்த உயிர் வரும் என்று ஆராய்ச்சியாளர்களோடு உட்கார்ந்து பேசி வடிவமைத்தது. கல்லை அடுக்கி இடுக்குகளில் செடி வளரவிட்ட சுவர் ஒன்று இருக்கிறதே, அதன் இடுக்குகளில் பல்லியும் சிலந்தியும் தாமாக வந்து குடியேறலாம். யாரும் பிடித்துவந்து விட வேண்டியதில்லை. வருமா வராதா என்பதே ஆராய்ச்சி. ஆனால் வடிவமைத்தவர் போன பிறகு, காய்ந்த தண்டை வெட்டலாமா, உள்ளே தேனீ கூடு கட்டியிருக்கிறதா என்று தினமும் குனிந்து பார்த்து முடிவெடுப்பவர் தோட்டக்காரர்தான்.

எனக்கு இந்த அருங்காட்சியகத்தில் மிகவும் மனதில் நின்ற மனிதர் மிகுவெல் ஓர்தென்யானா. கிரிஃபித் பார்க் பக்கத்தில் வளர்ந்தவர். 2012 தொடக்கத்தில் அந்தப் பூங்காவில் வைத்திருந்த கேமராப் பொறியின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது, கயோட்டி, மான் இவற்றுக்கு நடுவே ஒரு மலைச்சிங்கத்தின் (பியூமா என்ற பெரிய பூனை) பின்பாதி தெரிந்தது. ஹாலிவுட் எழுத்துகள் நிற்கும் குன்று, சுற்றிலும் நகரம். தேசியப் பூங்காத் துறையினர் அதற்குக் கழுத்துப்பட்டை மாட்டி பி-22 என்று எண் கொடுத்தார்கள். சாண்டா மோனிகா மலையில் பிறந்தது என்பதை மரபணுச் சோதனை சொல்கிறது. அப்படியானால் 405, 101 என்ற இரண்டு பெருஞ்சாலைகளைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும். கடந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. ஓர்தென்யானா பிறகு அருங்காட்சியகத்தில் சேர்ந்து, ஊர்மக்களை ஆராய்ச்சியில் சேர்க்கும் பணியை ஏற்றார். 2017-இல் பி-22 பற்றி அங்கே தனிக் காட்சியே வந்தது.

அதன் முடிவையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்காட்சிக்குப் பின்னால் இருக்கும் மனிதர்கள் என்றால் இதை வைக்காதீர்கள் என்று சொல்பவர்களும் சேர்த்திதான். 2022 டிசம்பர் 17-ஆம் தேதி, வயதும் நோயும் காயமும் சேர்ந்து தேறாத நிலையில், பி-22 கருணைக்கொலை செய்யப்பட்டது. அவ்வளவு புகழ்பெற்ற விலங்கின் உடல் பாடம் செய்யப்பட்டு அருங்காட்சியகத்தில் நிற்கும் என்றுதான் பழைய காலமாக இருந்தால் யாரும் நினைப்போம். அந்த நிலத்தின் பூர்வகுடிகள் அது கூடாது என்றார்கள். மலைச்சிங்கம் அவர்களுக்கு உறவும் ஆசானும் போன்றது. பேசினார்கள், அருங்காட்சியகம் இணங்கியது, 2023 மார்ச்சில் சாண்டா மோனிகா மலையில் இடம் வெளியிடப்படாமல், சடங்குகளோடு அடக்கம் செய்தார்கள். சேகரிப்பில் வேலை பார்ப்பவளாகச் சொல்கிறேன்: ஒரு மாதிரியை விட்டுக்கொடுப்பது எங்களுக்கு வலிக்கும், அதன் எலும்பில் படிக்க எவ்வளவோ இருக்கும். இருந்தும் அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஊர்மக்கள் தரும் தகவலுக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2016-இல் இந்த அருங்காட்சியகத்தின் லைலா ஹிக்கின்ஸும் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் ஆலிசன் யங்கும் இரண்டு நகரங்களுக்கு நடுவே ஒரு போட்டி வைத்தார்கள்: எட்டு நாளில் யார் அதிக உயிர்களைப் படம் எடுத்துப் பதிவது என்று. இன்று உலகம் முழுவதும் நகரங்கள் அதில் சேர்கின்றன, இந்திய நகரங்களும் உண்டு. அந்தப் பதிவுகள் வரைபடத்தில் ஏறும்போது, புள்ளிகள் எங்கே நிறைகின்றன? போனும் நேரமும் உள்ளவர்கள் வாழும் தெருக்களில். இரண்டு வேலை பார்க்கும் குடும்பங்கள் உள்ள தெரு காலியாகத் தெரியும். அங்கே உயிர் இல்லை என்று அர்த்தமில்லை, படம் எடுக்க ஆளில்லை. அதே நேரத்தில், வசதியான பகுதிகளில் மரமும் உயிர்வகையும் உண்மையிலேயே அதிகம் என்பதை ஃபீனிக்ஸ் நகரில் 2003-இல் வந்த ஆய்வு முதல் பலவும் காட்டியிருக்கின்றன. ஆகவே காலியாகத் தெரியும் தெருவில் எது காரணம், உயிர் குறைவா, ஆள் குறைவா என்று படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. எல்லா வீட்டிலும் ஒரே பொறி, ஒரே கால அளவு என்று பிரவுன் குழு வைத்த முறை இந்தச் சிக்கலைத் தவிர்க்க உதவும்.

உங்கள் மகளுக்கு. என்ன படிக்க வேண்டும் என்பதற்கு ஒரே பதில் இல்லை. ஆராய்ச்சிப் பக்கம் போக உயிரியலில் பட்டமும் அதற்கு மேல் முனைவர் பட்டமும் வேண்டும், பத்துப் பன்னிரண்டு வருடப் பாதை. சேகரிப்பு மேலாளருக்குப் பெரும்பாலும் முதுகலை போதும், கைப்பழக்கம் அதைவிட முக்கியம். பலகை எழுதுபவர்களில் நான் பார்த்த மிகச் சிறந்த இருவரில் ஒருவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர், இன்னொருவர் மொழி படித்தவர். இந்தத் துறையில் நிரந்தர வேலை குறைவு, நல்கைப் பணம் தீர்ந்தால் பதவியும் தீர்ந்துவிடும் இடங்கள் பல. இதைத் தெரிந்துகொண்டே அவள் வரட்டும். உங்கள் ஊரில் இந்த வயதுப் பிள்ளைகளைத் தன்னார்வலராக எடுப்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும், நேரில் கேளுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இரவு வாசல் விளக்கடியில் காலையில் செத்துக் கிடக்கும் பூச்சிகளைப் பொறுக்கி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்கஹாலில் (நீங்கள் பக்கத்தில் இருந்து) ஒரு சின்னக் குப்பியில் போடச் சொல்லுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒருவருடைய வாழ்நாள் சேகரிப்பு எங்களுக்கு வந்தது, நாற்பது பெட்டி பட்டாம்பூச்சி, இறகில் ஒரு செதில் உதிராமல். ஒன்றிலும் தேதியில்லை, ஊர் இல்லை. ஆராய்ச்சிக்கு அதில் ஒன்றைக்கூட எங்களால் பயன்படுத்த முடியவில்லை. அதனால் உங்கள் மகள் ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஒரு சிறு துண்டுச் சீட்டு போட வேண்டும்: நாள், இடம், எப்படிக் கிடைத்தது, அவள் பெயர். சீட்டு குப்பிக்கு வெளியே ஒட்டியதாக இல்லாமல் உள்ளேயே இருக்கட்டும், வெளியே ஒட்டியது உரிந்துவிடும். பேனா வேண்டாம், மை ஆல்கஹாலில் கரைந்து போகும். பென்சிலால் அழுத்தி எழுதச் சொல்லுங்கள்.